கடலுக்கா குளிருது?

இரும்புப் பின்னல் ஊசிக்கும் எங்கள் ஊர் மண்டபத்தின் கடற்காற்றுக்கும் ஒத்துப்போகாது. தேங்காய் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் மழைக்காலம் முடிந்து திறந்தால் துரு வாசம் மூக்கில் ஏறும். நான் ஒழுங்காகப் பின்னி முடித்த முதல் குழந்தைச் சட்டையின் மார்புக்குக் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு ஓடும். பாதிப் பின்னலை ஊசியிலேயே விட்டுவிட்டு விடைத்தாள் திருத்தப் போயிருந்தேன். பத்து நாள் கழித்து வந்து எடுத்தால், ஊசியில் தொங்கிய வரிசை முழுக்கத் துரு. எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டதில் கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான்.

மூங்கில் ஊசி வாங்கிப் பார்த்தேன். ஐப்பசி ஈரத்தைக் குடித்து, நூலை நகரவிடாமல் பிடித்துக்கொண்டது. அலுமினிய ஊசி வெள்ளையாகப் பூத்து விரலைக் கறுப்பாக்கியது. கடைசியில் உச்சிப்புளியில் ஒரு லேத் பட்டறைக்குப் போய், மூன்று மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பியை ஒரு முழத்துக்கு வெட்டி, முனையை மழுங்கலாகச் சீவித் தரச் சொன்னேன். பட்டறைக்காரர் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மீன் கோத்துச் சுடவா டீச்சர்?” என்றார். ஸ்வெட்டர் பின்ன என்றதும் அவர் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை இன்னும் மறக்கவில்லை. மீன் என்றே சொல்லியிருக்கலாம்.

அந்தக் கம்பிகள் இன்றுவரை என்னிடம் இருக்கின்றன.

நான் ஒரு பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். வீடு வடகடல் பக்கம். மண்டபத்தில் தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் ஒரு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வாடைக் காற்று எடுத்துவிட்டால் பெண் கடலும் என்ன ஆட்டம் ஆடும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தச் சில வாரங்களைத் தவிர இந்த ஊருக்கும் குளிருக்கும் சம்பந்தமில்லை. மார்கழி விடியலில்கூட ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் போதும். இப்படிப்பட்ட ஊரில் சித்திரை மாதத்து மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து, மடியில் கம்பளி நூலைப் போட்டுக்கொண்டு ஒருத்தி பின்னினால் யாருக்குத்தான் கேட்கத் தோன்றாது? மீன் கூடையை இறக்கி வைத்த அக்கா கேட்டுவிட்டார்: “யாருக்கு டீச்சர் ஸ்வெட்டரு? கடலுக்கா குளிருது?”

பதில் சொல்லத் தெரியவில்லை. சிரித்துவிட்டு நகரை மீன் அரை கிலோ வாங்கிக்கொண்டேன்.

எனக்கு இந்தப் பைத்தியத்தைத் தொற்றவைத்தவர் அடுத்த தெருப் பாட்டி. தெருவில் எல்லோருக்கும் அவர் நுவரெலியாப் பாட்டி. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கை மலையகத் தோட்டங்களில் இருந்த தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அதே வருடம் டிசம்பரில் புயல் வந்து தனுஷ்கோடியை அழித்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு தலைமன்னார்க் கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான் வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் கப்பலில் வந்து இறங்கி, மண்டபம் கேம்ப்பில் தங்க வைக்கப்பட்டவர்களில் பாட்டியின் குடும்பமும் ஒன்று. மற்றவர்கள் கோத்தகிரிக்குத் தேயிலை பறிக்கப் போய்விட்டார்கள். பாட்டி மட்டும் இங்கே ஒரு ரயில்வே கேங்மேனைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். ஆறாயிரம் அடி உயரத்தில் பிறந்து வளர்ந்த பெண், கடல்மட்டத்தில் ஐம்பது வருடமாக வேர்த்துக்கொண்டிருக்கிறார்.

பாட்டியின் அம்மா அங்கே ஒரு துரை பங்களாவில் ஆயா. துரைசாணி பின்னுவதைப் பார்த்து அம்மா கற்றுக்கொண்டார், அம்மாவைப் பார்த்து மகள். கப்பலில் வரும்போது பாட்டி போட்டிருந்த ஒரு பச்சை ஸ்வெட்டர்தான் அந்த மலையில் இருந்து அவர் கொண்டுவந்த ஒரே குளிர்ச் சாமான். சுத்த ஆட்டுக் கம்பளி. (இன்று கடையில் உல்லன் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பதில் பெரும்பாலானது அக்ரிலிக். ஆட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.) இந்த ஊரில் அந்த ஸ்வெட்டரைப் போட வழியில்லை. தூக்கிப்போட மனசும் இல்லை. அதனால் பாட்டி ஒரு வேலை செய்தார். அதை அவிழ்த்து, திரும்பப் பின்னினார். முடிந்ததும் மறுபடி அவிழ்த்தார். பிள்ளைக்குக் குல்லா, அப்புறம் மேசை விரிப்பு, அப்புறம் ஒரு சால்வை, அப்புறம் மறுபடி ஸ்வெட்டர். அதே நூல்தான். நான் முதலில் பார்த்தபோது இரண்டு குடைக்கம்பிகளை வைத்துக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தார்.

அவிழ்த்த கம்பளி நூல் வேகவைத்த நூடுல்ஸ் மாதிரி சுருண்டு கிடக்கும். அப்படியே பின்னினால் பின்னலின் கண்கள், அதாவது வளையங்கள், கோணும். நாற்காலி முதுகில் பெரிய வளையமாகச் சுற்றிக் கழியாக்கி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, கொடியில் தொங்கவிட்டு, கீழே கனத்துக்கு ஒரு செம்பைக் கட்டவேண்டும். காய்ந்ததும் நூல் தன் பழைய வாழ்க்கையை மறந்துவிடும். முழுக்க மறக்காது. பாட்டியின் பச்சை நூல் இப்போது பல இடங்களில் மெலிந்துவிட்டது. அவ்விடங்களில் வெள்ளைத் தையல் நூலைச் சேர்த்து ஓட்டியிருக்கிறார்.

பாட்டிக்குப் பின்னலில் இரண்டே கண்தான்: நேர்க்கண், பின்கண். ஊசியை முன்னால் இருந்து குத்தினால் ஒன்று, பின்னால் இருந்து குத்தினால் இன்னொன்று. உலகத்தில் உள்ள ஸ்வெட்டர் அத்தனையும் இந்த இரண்டின் கூட்டணிதான் என்று புரிந்த நாளில், கணக்கு டீச்சருக்கு என்ன சந்தோஷம் வந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நேராகத் தெரிவது மறுபக்கம் பின்னாகத் தெரியும். வரிசை முழுக்க நேர், அடுத்த வரிசை முழுக்கப் பின் என்று போனால் துணி ஓரத்தில் சுருளும். ஒன்றுவிட்டு ஒன்று போட்டால் ரப்பர் மாதிரி இழுபடும். பனியனின் கழுத்துப்பட்டியைக் கூர்ந்து பாருங்கள், அதேதான். திருப்பூர் மெஷின் செய்வதும் இந்த வேலைதான், வேகம்தான் வேறு.

பாட்டி திண்ணையில் இரண்டு பேர் உட்கார ஆரம்பித்தது நாலு, ஆறு என்று ஆனது. யாரும் கூட்டம் கூட்டவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அங்கே போனால் ஆள் இருக்கும், அவ்வளவுதான். பெரியபட்டினத்தில் இருந்து ஒரு லாத்தா பஸ் ஏறி வருவார். கொக்கி ஊசியில் தொழுகைத் தொப்பி போடுவதில் அவர் கை யாருக்கும் வராது. பேசிக்கொண்டே நடு வட்டத்தில் இருந்து ஆரம்பித்து, ஓரம் வரும்போது கண்களை எண்ணவே மாட்டார், சரியாக வந்து முடியும். கீழக்கரைச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வந்தால் தொதல் என்ற பிசுபிசு இனிப்பைக் கொண்டுவருவார். தொதல் தின்ற கையோடு நூலைத் தொடக்கூடாது என்று சட்டம், யாரும் கடைப்பிடித்ததில்லை. பரமக்குடியில் இருந்து மாற்றலாகி எங்கள் பள்ளிக்கு வந்த டீச்சர் ஒருவர், எமனேஸ்வரத்து நெசவாளர் வீட்டுப் பெண். பாம்பன் பக்கத்தில் இருந்து கடலுக்குப் பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர். அப்புறம் திண்ணைக்கு எதிரே வேப்பமரத்தடியில் வலை பொத்தும் மாமா. அவரை நாங்கள் சேர்க்கவில்லை. அவர் எங்களுக்கு முன்பிருந்தே அங்கே உட்கார்ந்திருப்பவர்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கும். மாமா காலையில் இருந்து இருட்டும்வரை கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிந்த கண்களைக் கட்டுவார். ஒருநாள் எழுந்து வந்து என் பின்னலை வாங்கி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “என்ன டீச்சர், இதுல முடிச்சே இல்லயே” என்றார்.

“ஆமா மாமா, முடிச்சு கிடையாது. வளையத்துக்குள்ள வளையம்.”

“அப்ப ஒரு மீன் கடிச்சாப் போதும், முழுசும் போயிருமே?”

போய்விடும்தான். வலையில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனி முடிச்சு. ஒரு கண் அறுந்தால் ஓட்டை அந்தக் கண்ணோடு நிற்கும், பக்கத்துக் கண் அசையாது. கடலில் பாறையும் நண்டும் கிழிக்கிற பொருளுக்கு அதுதான் நியாயம். பின்னலில் ஒரு கண் ஊசியில் இருந்து நழுவினால் கீழே வரிசை வரிசையாக ஏணி மாதிரி இறங்கிவிடும். நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரு மாத வேலை பத்து நிமிடத்தில் உருண்டையாகிவிடும். மாமாவுக்கு இது பெரிய குறை. பாட்டிக்கு இதுதான் பெரிய வசதி. வலையை அவிழ்த்து வேறு வலை பின்ன முடியாது, வெட்டத்தான் வேண்டும். ஒரே நூலில் ஐம்பது வருடம் ஓட்டியவருக்கு முடிச்சு இல்லாததன் அருமை தெரியும். இருவரும் இதைப் பற்றி அன்று இருட்டும்வரை வழக்காடினார்கள். நாங்கள் வேலையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்தப் பேச்சில்தான் மாமா தன் அப்பத்தாவைப் பற்றிச் சொன்னார். நைலான் வருவதற்கு முன் வலை எல்லாம் பருத்தி. கடலில் இருந்து வந்ததும் ஒவ்வொரு நாளும் காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் மக்கிவிடும். மக்காமல் இருக்க மரப்பட்டையை வேகவைத்த சாயத்தில் முக்கி எடுப்பார்கள். அந்த வலைக்கான நூலை அப்பத்தா வீட்டிலேயே கதிரில் முறுக்குவாராம். “உங்களுக்கு மாதிரி பொழுது போகாம இல்ல, நூலு இல்லைனா வலை இல்ல, வலை இல்லைனா சோறு இல்ல” என்று முடித்தார்.

எனக்கு நூற்கும் ஆசை வந்தது அன்றுதான். அதற்கு முன்பே கம்பளியில் இருந்து பருத்திக்கு மாறியிருந்தேன். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாக ஈரத்தைக் குடித்தும் காய்ந்ததுபோல் இருக்கும். குளிர் நாட்டுக்கு அது வரம். இங்கே மடியில் ஒரு ஆட்டுக்குட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. பருத்தி அப்படியில்லை, குளுமை. ஆனால் வளைந்து கொடுக்காது. கம்பளியில் கண் சின்னது பெரிதாக இருந்தாலும் நூல் தானே சமாதானம் செய்துகொள்ளும். பருத்தி உங்கள் கை நடுக்கத்தை அப்படியே ஊருக்குக் காட்டிக்கொடுக்கும்.

அப்பாவின் பெட்டியில் ஒரு தக்கிளி இருந்தது. ஐம்பதுகளில் பள்ளிக்கூடத்தில் நூற்பு வகுப்பு உண்டு. அவர் வைத்திருந்த தக்கிளி, பித்தளை வட்டு, நடுவில் எஃகுக் கம்பி, முனையில் சின்னக் கொக்கி. கம்பியில் துரு, வட்டில் பச்சைக் களிம்பு. புளி போட்டுத் தேய்த்ததும் வட்டு பளிச்சென்று வந்துவிட்டது. பஞ்சுக்கு அலையவேண்டியிருக்கவில்லை. என்னோடு பணிபுரிபவரின் அண்ணன் கமுதிப் பக்கம் கரிசல்காட்டில் இன்னமும் கொஞ்சம் கருங்கண்ணி போடுகிறார். நம் நாட்டுப் பருத்தி. மானாவாரியில் வரும், வறட்சியைத் தாங்கும், இழை குட்டை. மில்லுக்கு நீள இழை வேண்டும் என்பதால் இதைச் சீந்துவாரில்லை. ஒரு துணிப்பையில் நாலு கிலோ கொடுத்துவிட்டார். கொட்டையைக் கையால் பிரித்தெடுக்க எங்கள் திண்ணைக்கு இரண்டு சனிக்கிழமை ஆனது. தூங்கிப்போன பேரப்பிள்ளைகள் தவிர எல்லோரும் பிரித்தோம்.

நூற்பது பார்க்க எளிது. வலது கையால் தக்கிளியைச் சுண்டிவிட்டு, இடது கையில் பஞ்சுப்பட்டையை லேசாகப் பிடித்துப் பின்னால் இழுக்கவேண்டும். முறுக்கு நூல் வழியாக ஏறிப் பஞ்சுக்குள் புகும். பிடி இறுகினால் முறுக்கு ஏறாது, பஞ்சு பிய்ந்து வரும். பிடி தளர்ந்தால் முறுக்கு மொத்தப் பட்டைக்குள்ளும் ஓடி முடிச்சாகிவிடும். நடுவில் ஒரு பிடி இருக்கிறது. அதைச் சொல்லித்தர முடியாது. என் முதல் நூல், எலி விழுங்கிய பாம்பு மாதிரி இருந்தது. ஒரு இடத்தில் தலைமுடி, அடுத்த சாணில் சுண்டுவிரல்.

குட்டை இழைக்கு நிறைய முறுக்கு வேண்டும், தக்கிளியைத் தொங்கவிட்டால் அதன் கனமே நூலை அறுத்துவிடும். அதனால் நுனியை ஒரு சிரட்டைக்குள் ஊன்றிச் சுழற்றவேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடற்கரை எங்களுக்கு உதவி செய்தது. காய்ந்த காற்றில் பருத்தி இழை சிலிர்த்து நின்று அறும். ஈரக்காற்றில் பணிந்து வரும். மில்களில் காசு செலவழித்துக் காற்றில் ஈரம் ஏற்றுகிறார்கள். எங்களுக்குக் கடலே ஏற்றித் தருகிறது. ஊசியைத் தின்ற அதே காற்று.

ஒற்றை இழையில் பின்னினால் துணி ஒரு பக்கமாகச் சாயும், சதுரமாக ஆரம்பித்தது சாய்சதுரமாக முடியும். முறுக்கின் வலிமை அது. இரண்டு இழையைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால் ஒன்றின் கோபத்தை இன்னொன்று தணிக்கும். அப்புறம் கழியாகச் சுற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் முறுக்கு அடங்கும். எமனேஸ்வரத்து டீச்சர் என் கழியை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “என்ன நம்பர் இது?” நெசவாளர்களுக்கு நூலென்றால் நம்பர்தான். 840 கெஜம் ஒரு கழி. ஒரு பவுண்டுக்கு எத்தனை கழி ஏறுகிறதோ அதுதான் நம்பர். நம்பர் கூடக் கூட நூல் சன்னம். பள்ளி ஆய்வகத் தராசில் இருபது மீட்டரை நிறுத்தோம். இரண்டு கிராம். கணக்குப் போட்டால் ஆறாம் நம்பருக்குப் பக்கத்தில் வந்தது. “எங்க வீட்டுச் சேலைக்கு எண்பது, நூறு ஓட்டுவோம். இது தாம்புக்கயிறு” என்றார். ஆனாலும் கழியைத் திருப்பித் தரவில்லை, மடியிலேயே வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அவருக்கும் ஒரு தக்கிளி தேவைப்பட்டது. கையால் ஒரு கதிரைச் சுழற்றுவது போதவில்லை என்று ஒரே ராட்டையில் பல கதிர் ஓட வைத்தவர் ஏகாம்பரநாதன் என்ற தமிழர்தான், அம்பர் சர்க்காவின் பெயரே அவர் பெயரில் இருந்து வந்தது என்று அந்த டீச்சர்தான் எனக்குச் சொன்னார். அதை வாங்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தோம். வேண்டாம் என்று விட்டுவிட்டோம். வேகமாகச் செய்து என்ன செய்யப்போகிறோம்?

இந்தக் கேள்வியை எங்களைவிட மற்றவர்கள்தான் அதிகம் கேட்டார்கள். ஒருநாள் பயிற்சியாளர் ஒருவர் திண்ணைக்கு வந்தார். நல்ல மனிதர். சுய உதவிக் குழுவாகப் பதிவு செய்யுங்கள், கடன் கிடைக்கும், ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்களுக்கு விற்கலாம், இத்தனை திறமையை இப்படி வீணடிக்கலாமா என்றார். ‘வீண்’ என்ற சொல் எல்லோருக்கும் சுட்டது. ஆவுளியா வடிவத்தில் சாவிக்கொத்துப் பொம்மை போடுவதாக முடிவானது. கடல்பசுவைத்தான் இங்கே ஆவுளியா என்போம். ஒரு கடை இருநூறு பொம்மை கேட்டது. ஒன்றுக்கு 18 ரூபாய்.

முதல் பத்து ஆவுளியா அழகாக இருந்தன. ஐம்பதாவதைப் போடும்போது திண்ணையில் பேச்சு குறைந்திருந்தது. எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தோம். கண்ணை எண்ணவே எண்ணாத லாத்தா, எத்தனை முடிந்தது என்று எண்ணினார். மாமா பேச வந்தால் யாரும் தலை நிமிரவில்லை. பாட்டி இரண்டு சனிக்கிழமை வரவில்லை, மூன்றாவது வாரம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். அவருடைய திண்ணை. பணம் நாலு மாதம் கழித்து, பாதி வந்தது. மீதியைக் கேட்க யாருக்கும் தெம்பில்லை. அத்தோடு நிறுத்தினோம்.

விற்காமல் செய்வதில்தான் சுகம் என்று நான் அன்று பெரிதாகப் பேசினேன். இந்தக் கரையில் பெண் கை வைக்கிற வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை தொங்குகிறது. பாய் முடைந்தால் இத்தனை, கருவாடு காயவைத்தால் இத்தனை, பாசி கிலோவுக்கு இத்தனை. விலை கேட்காத ஒரு வேலை வாரத்துக்கு மூன்று மணி நேரம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பாசி அக்கா மட்டும் பஞ்சைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: “உங்களுக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் வந்துருது டீச்சர்.”

அதற்கு மேல் நான் பேசவில்லை. சங்கப் பாட்டுகளில் பருத்திப் பெண்டிர் வருகிறார்கள். மலையில் தவழும் மேகத்துக்கு, ஆளில்லாத பெண்கள் தம் உழைப்பால் செய்த பஞ்சை உவமை சொன்ன பாட்டும் ஒன்று உண்டு. பஞ்சு எவ்வளவு மென்மை என்பதைத்தான் நான் அதுவரை அந்தப் பாட்டில் பார்த்திருந்தேன். ஆளில்லாத பெண்கள் என்ற சொல் அன்று ராத்திரிதான் கண்ணில் பட்டது. நூற்பது பெரும்பாலும் வேறு கதியில்லாதவர்களின் வேலையாகத்தான் இருந்திருக்கிறது. மாமாவின் அப்பத்தா கதையும் அதைத்தானே சொல்கிறது.

பாசி அக்கா இப்போதும் கொக்கி ஊசியில் கைபேசிப் பை போட்டு விற்கிறார், நேராக வாங்குகிறவர் கையில் கொடுத்துக் காசை எண்ணி வாங்குகிறார். அவசர ஆர்டர் வந்தால் சனிக்கிழமை திண்ணையில் எல்லோரும் ஆளுக்கொரு பை போட்டுக் கொடுக்கிறோம். விற்கக்கூடாது என்று நான் போட்ட சட்டம், தொதல் சட்டத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டது.

அக்காவின் விரல்களைப் பற்றிச் சொல்லவேண்டும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் பாசிக்குப் போவார்கள். மூச்சுப் பிடித்து மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்க்கவேண்டும். பவளப்பாறை விரலைக் கிழிக்கும் என்பதால் பழைய துணியைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொள்வார்கள். துணி நனைந்து நழுவும், அவிழும், மறுபடி சுற்றவேண்டும். ரப்பர் உறை போட்டால் பாசி பிடி கொடுக்காது. ஒரு சனிக்கிழமை அக்கா நூல் சுற்றும்போது, ஆறாத ரணத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தது. பாட்டிதான் அதைப் பார்த்தார். மறுநாளே குடைக்கம்பியில் ஒரு விரலுக்கு உறை பின்னிக் கொண்டுவந்து நீட்டினார். பச்சைக் கம்பளி.

கம்பளி நனைந்தால் பலம் குறையும். பருத்தி நனைந்தால் பலம் கூடும். அதனால் எங்கள் கருங்கண்ணியில் நாலு இழையைச் சேர்த்து முறுக்கி, இழுபடும் பின்னலில் ஐந்து விரலுக்கும் நுனி திறந்த குழல்களாகப் போட்டோம். ஒரு கைக்குப் பதினைந்து கிராம் நூல். அதை நூற்க எனக்கு ஐந்து மணி நேரம், பின்ன மூன்று மணி நேரம். இதற்கு என்ன விலை போடுவது என்று எமனேஸ்வரத்து டீச்சர் விளையாட்டுக்குக் கணக்குப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் காகிதத்தைக் கசக்கிவிட்டார்.

முதல் ஜோடி இரண்டே முறை கடலுக்குப் போனது. சுட்டுவிரல் கிழிந்து, ஒரு கண் நழுவி, உள்ளங்கை வரை ஏணி இறங்கிவிட்டது. மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். “நான் அன்னைக்கே சொன்னேன்ல, மீன் கடிச்சா முழுசும் போயிரும்னு” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த திருப்தி, விசைப்படகு நிறைய இறால் வந்தாலும் வராது. அப்புறம் அவரே ஒரு யோசனை சொன்னார். விரல் நுனியில் மட்டும் பின்னாதீர்கள், வலை ஊசியால் நெருக்கக் கண் வைத்து முடிச்சுப் போடுங்கள், கீழே உங்கள் இழுபடும் பின்னல் இருக்கட்டும். நுனியை அவர் போட்டார், மீதியை நாங்கள். பாட்டிக்கு இது பிடிக்கவில்லை. முடிச்சுப் போட்டால் அப்புறம் எப்படி அவிழ்ப்பது என்று கேட்டார்.

போன பௌர்ணமி கழித்து அக்கா அந்த இரண்டாவது ஜோடியைத் திருப்பிக் கொண்டுவந்து திண்ணையில் போட்டார். உப்பேறி விறைத்து, பாசி நிறம் ஏறி, கருவாடு மாதிரி கிடந்தது. நாலு முறை போயிருக்கிறது. முடிச்சு விடவில்லை. மாமா தன் இடத்தில் இருந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தார். அக்கா வலது கையை விரித்து, பெருவிரலின் அடிப்பக்கத்தில் புதிதாக ஒரு கீறலைக் காட்டினார்.

“பெருவெரலு மட்டும் இன்னும் ஒரு அங்குலம் கீழ எறக்கிப் போடு டீச்சர். அமாவாசைக்கு வேணும்.”